வாங்குவது எப்போது? மாற்றுவது எப்போது?
காணொளித் தொகுப்பு மென்பொருள் பற்றி வர்த்தகர்களுக்கு ஒரு பாடம்



நம் கடைகளில் விளம்பரம் செய்யும் முறை வெகுவாக மாறிவிட்டது. துண்டுப் பிரசுரம் அச்சிட்டுத் தெருவில் கொடுப்பதும், நாளிதழில் கட்டம் கட்டி அறிவிப்பதும் ஒருபுறம் இருக்க, புதிய சேலை வந்தாலும் சரி, புதிதாக அரைத்த மசாலைப் பொடி வந்தாலும் சரி, அதை அரை நிமிடப் படமாக எடுத்து வாடிக்கையாளரின் கைத்தொலைபேசிக்கு அனுப்புவதே இன்று பெருவழக்கு. பினாங்கு சூலியா வீதியாயினும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையாயினும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையாயினும், கடையில் ஒரு சிப்பந்தியோ, முதலாளியின் மகனோ மகளோ இவ்வேலையைக் கவனித்து வரக் காண்கிறோம்.

எடுத்த படத்தை வெட்டி, ஒட்டி, எழுத்தும் ஓசையும் சேர்த்து, அனுப்புதற்கு உரியதாக ஆக்கித் தருவதே காணொளித் தொகுப்பு மென்பொருள். இதனை விற்கும் நிறுவனங்கள் அடிக்கடி நமக்கு மடல் விடுக்கின்றன. "புதிய பதிப்பு வந்துவிட்டது, இன்று நள்ளிரவுக்குள் வாங்கினால் பாதி விலை" என்பன போன்ற அறிவிப்புகளைப் பாராதார் இரார். அவற்றைப் பார்த்ததும் இரண்டு விதமான வர்த்தகர்கள் இரண்டு விதமாக நடக்கின்றனர். ஒருவர் உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார். மற்றவர், இருப்பதே போதும் என்று, வேலை தடைப்பட்டு நிற்கும்போதுகூடப் பணப்பெட்டியைத் திறவாதிருக்கிறார். இருவருக்கும் நஷ்டம் உண்டு. அந்த நஷ்டத்தைத் தவிர்ப்பது எப்படி என்பதே இப்பாடத்தின் பொருள்.

சரக்குக் கொள்முதலில் நாம் நன்கு தேர்ந்தவர்கள். மொத்த வியாபாரியிடம் புதுச் சரக்கு வந்துவிட்டது என்பதற்காக நாம் வாங்குவதில்லை. நம் அலமாரியில் எது தீர்ந்தது, வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்று பார்த்தே வாங்குகிறோம். மென்பொருளுக்கும் இதே விதிதான். விற்பவரிடம் புதிது வந்ததா என்பதன்று கேள்வி. நம் கையிலுள்ள வேலை நின்றதா, நின்றது அந்தக் கருவியால்தானா என்பவையே கேள்விகள்.

1. விற்பனை முறைகள் நான்கு

முதலில் இம்மென்பொருள்கள் எவ்வெம் முறையில் விற்கப்படுகின்றன என்பதை அறிந்து கொள்வோம்.

முதலாவது, விலையின்றிக் கிடைப்பது. ஆப்பிள் கணினிகளிலும் அந்நிறுவனத்தின் தொலைபேசிகளிலும் ஐமூவி இலவசமாகக் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் கிளிப்சாம்ப் என்னும் மென்பொருளை விலைக்கு வாங்கி, விண்டோஸ் 11 உடன் சேர்த்துத் தருகிறது. கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய இரண்டும் பொதுநல நோக்குடையோர் கூடி ஆக்கிய இலவச மென்பொருள்கள். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பு ஒன்றும் கட்டணப் பதிப்பு ஒன்றுமாக இரண்டு வடிவங்களில் வருகிறது. திரைப்படத் தொழிலில் வண்ணம் திருத்துவோர் கையாளும் இம்மென்பொருளின் இலவசப் பதிப்பே ஒரு கடைக்கு மிகையானது.

இரண்டாவது, ஒரே முறை விலை கொடுத்து வாங்குவது. ஆப்பிள் நிறுவனத்தின் ஃபைனல் கட் புரோ பத்தாம் பதிப்பு 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் 299.99 அமெரிக்க வெள்ளிக்கு வெளிவந்தது. அன்று வாங்கியோர் அதன் பின் வந்த திருத்தங்களைத் தனி விலையின்றியே பெற்று வந்திருக்கின்றனர். ரிசால்வின் கட்டணப் பதிப்பும் இம்முறையைச் சார்ந்ததே. அதன் விலை 2017ஆம் ஆண்டில் 995 அமெரிக்க வெள்ளியிலிருந்து 299 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. காத்திருந்தவருக்கு லாபம் கிடைத்ததற்கு இஃது ஒரு சான்று.

மூன்றாவது, மாதச் சந்தா. அடோபி நிறுவனம் 2013ஆம் ஆண்டு மே மாதத்தில், தன் தொழில்முறை மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தாவாகவே தருவதாக அறிவித்தது. 2012இல் வந்த ஆறாம் தொகுதியே ஒரே முறை விலைக்கு விற்ற கடைசித் தொகுதி ஆயிற்று. பிரீமியர் புரோ இவ்வாறே விற்கப்படுகிறது. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும்.

நான்காவது, குறிப்பிட்ட காலத்திற்கு உரிமம். வீட்டுப் பயனுக்கென்று அடோபி விற்கும் பிரீமியர் எலிமென்ட்ஸ், 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான 2025ஆம் பதிப்பிலிருந்து, மூன்றாண்டு உரிமமாக மாற்றப்பட்டது. இதற்கு முந்திய பதிப்புகளை ஒருமுறை வாங்கினால் காலவரை இல்லை. விலைச்சீட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உரிமத்தின் வாசகத்தைப் படித்தவருக்கே வேற்றுமை தெரியும்.

கடையைச் சொந்தமாக வாங்குவதும், மாத வாடகைக்கு எடுப்பதும், மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுப்பதும் வெவ்வேறு என்பதை நாம் அறிவோம். வாடகை தீயது என்றும் சொந்தம் நல்லது என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எத்தனை காலம் எவ்வளவு வியாபாரம் என்பதைப் பொறுத்தே அது முடிவாகும். அவ்வாறே இதுவும்.

2. மாற்றத்தான் வேண்டும் என்னும் காரணங்கள்

பழைய மென்பொருள் மெய்யாகவே பயன்படாமற்போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவை பெரும்பாலும் நான்கினுள் அடங்கும்.

(அ) படம் எடுக்கும் கருவி மாறுதல். 2017ஆம் ஆண்டில் ஆப்பிள் தொலைபேசிகள் ஹெச்.265 என்னும் புதிய முறையில் படத்தைப் பதியத் தொடங்கின. ஒரே தரமான படம் குறைந்த இடத்தில் அடங்குவது இம்முறையின் நயம். ஆனால் அதற்கு முன் வந்த பல தொகுப்பு மென்பொருள்கள் இக்கோப்புகளைத் திறக்க மறுத்தன. உங்கள் கடையில் புதுத் தொலைபேசி வாங்கிய மறுநாளே பழைய மென்பொருள் மக்கர் செய்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இதற்கும் செலவின்றி ஒரு வழி உண்டு. தொலைபேசியின் கேமரா அமைப்பில், எல்லாக் கருவிகளோடும் ஒத்துப்போகும் பழைய ஹெச்.264 முறையிலேயே பதியும்படி மாற்றிக் கொள்ளலாம். கோப்பு சற்றுப் பெரிதாகும், பணம் மிஞ்சும்.

(ஆ) கணினியின் அடிப்படை மாறுதல். ஆப்பிள் நிறுவனம் 2019ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட கேட்டலினா இயங்குதளம், 32 பிட் முறையில் ஆக்கப்பட்ட மென்பொருள்களை ஏற்கவில்லை. அதுவரை அத்தகைய பழைய மென்பொருளை வைத்து வேலை செய்தோர், கணினியைப் புதுப்பித்த அன்றே கருவியை இழந்தனர். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே கணினியை மாற்ற எண்ணுவோர், மென்பொருளையும் உடன்வைத்துக் கணக்கிட வேண்டும். இரண்டையும் தனித்தனியே முடிவு செய்தல் ஆகாது.

(இ) ஆக்கியோர் கைவிடுதல். விண்டோஸ் மூவி மேக்கர் என்னும் எளிய மென்பொருளை அக்காலத்தில் அறியாதார் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் அதை நிறுத்திவிட்டது. முன்னரே கணினியில் வைத்திருந்தோர்க்கு அது தொடர்ந்து ஓடினாலும், பழுது பார்ப்பதற்கு ஆளில்லாத இயந்திரம் ஆயிற்று. அத்தகைய கருவியைத் திடீரென்று தூக்கி எறிய வேண்டுவதில்லை. மாற்றுக் கருவியைப் பழகத் தொடங்குதற்கு அதுவே நேரம்.

(ஈ) நம் வேலையே மாறுதல். முன்பு அகலவாக்கில் படம் எடுத்தோம். இன்று தொலைபேசிக்கென நெடுக்குவாக்கில் கேட்கிறார்கள். முன்பு பேச்சு மட்டும் போதும். இன்று ஓசையின்றிப் பார்ப்போர்க்காக அடியில் எழுத்தும் வேண்டும். பழைய மென்பொருளில் இவற்றைச் செய்ய முடியாவிட்டால், அல்லது செய்வதற்கு மும்மடங்கு நேரம் ஆகுமானால், அது மெய்யான காரணமே.

இந்த இடத்தில் தமிழர்க்கென்றே உரிய ஒரு சோதனையைக் கூறிவிடுகிறோம். சில தொகுப்பு மென்பொருள்கள் தமிழ் எழுத்தைச் சரிவர அமைப்பதில்லை. 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமும் நிற்க வேண்டும். பொருந்தாத மென்பொருளில் கொம்பு எழுத்தின் பின்னே போய் நிற்கும், அல்லது வெற்றுக் கட்டங்களே தோன்றும். ஜாவி எழுத்தில் கடைப்பெயர் போடுவோர்க்கு, எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமலும் இடமிருந்து வலமாகவும் வந்து கேலிக்கிடமாகும். பிரீமியர் புரோவில் தெற்காசிய, மத்தியக் கிழக்கு எழுத்துகளுக்கென்று ஒரு தனி அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் குறை தீரும். எல்லா மென்பொருளிலும் அவ்வசதி இருக்கும் என்று நம்பிவிடலாகாது. வாங்குமுன் உங்கள் கடைப்பெயரையும், 'கொள்முதல்', 'நோன்புப் பெருநாள்' போன்ற சொற்களையும் எழுதிப் பாருங்கள். இரண்டு நிமிடச் சோதனை இரு நூறு வெள்ளியைக் காக்கும்.

3. கருவியின் மேல் வீண்பழி

இனி, மென்பொருளின் குற்றம் போலத் தோன்றி, அதன் குற்றம் அல்லாதவற்றைக் காண்போம். வீண்செலவு பெரும்பாலும் இங்கேதான் நேருகிறது.

"படம் தொகுக்கும்போது கணினி திக்குகிறது, ஆகவே புதிய பதிப்பு வேண்டும்" என்று சிப்பந்தி கூறுவார். 4கே எனப்படும் படத்தில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 புள்ளிகள் உள. பெருக்கினால் 82,94,400. சாதாரண முழு உயர்தரப் படத்தில் 1,920க்கு 1,080, பெருக்கினால் 20,73,600. ஆக, 4கே என்பது நான்கு மடங்குச் சுமை. பழைய சுழல்தட்டு வட்டும் குறைந்த நினைவகமும் உள்ள கணினியில் நான்கு மடங்குச் சுமையை ஏற்றினால், எந்தப் பதிப்பும் திக்கத்தான் செய்யும். சொல்லப்போனால், புதிய பதிப்புகள் கூடுதல் நினைவகம் கேட்பதால் இன்னும் அதிகமாகத் திக்கும். ஒற்றை மாட்டு வண்டியில் நான்கு வண்டிப் பாரத்தை ஏற்றிவிட்டு, வண்டிக்காரனை மாற்றுவதால் பயன் என்ன?

இதற்குச் செய்யத்தக்கன மூன்று. தொலைபேசியில் பார்க்கப்படும் படத்தை முழு உயர்தரத்திலேயே எடுப்பது முதலாவது. மென்பொருளில் உள்ள மாற்றுக்கோப்பு முறையைக் கையாள்வது இரண்டாவது. அஃதாவது, சிறிய பிரதி ஒன்றை வைத்துத் தொகுத்து, முடிவில் மட்டும் மூலப் படத்திலிருந்து ஆக்கிக் கொள்வதாம். சுழல்தட்டை எடுத்துவிட்டுத் திண்மநிலை வட்டு போடுவது மூன்றாவது. முதல் இரண்டிற்கும் செலவே இல்லை.

"படம் நன்றாக இல்லை" என்பது அடுத்த குறை. பேசுவோர் குரல் கடையின் இரைச்சலில் அமுங்கிப் போகிறது. சேலையின் நிறம் குழல்விளக்கின் அடியில் மங்கித் தெரிகிறது. இவை தொகுப்பில் தோன்றிய குறைகள் அல்ல, எடுக்கும்போதே தோன்றியவை. சட்டையில் குத்தும் ஒலிவாங்கி ஒன்றும், வாசற்புற வெளிச்சமும் செய்யும் உதவியை, விலையுயர்ந்த மென்பொருள் பின்னர் செய்துவிட முடியாது. பணம் கையில் இருந்தால் முதலில் ஒலிவாங்கிக்கே அது போகட்டும்.

4. பேரேட்டில் எழுதிப் பார்த்தல்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவையே; எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. வரி விகிதம் மட்டும் மெய்யானது. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் 9 விழுக்காடு. வெளிநாட்டிலிருந்து வரும் மின்னியல் சேவைக்கும் அது 2020 முதல் உண்டு. மலேசியாவில் மின்னியல் சேவை வரி 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கி, 2024ஆம் ஆண்டு மார்ச் முதல் 8 விழுக்காடாக உயர்ந்தது. விளம்பரத்தில் காணும் விலையோடு இதைச் சேர்த்தே நாம் கணக்கிட வேண்டும்.

ஒரு மென்பொருள் மாதச் சந்தா 20 வெள்ளி. மற்றொன்று ஒரே முறை விலை 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் வரி சேர்த்தால் சந்தா மாதம் 21.80, ஒரே முறை விலை 436. 436ஐ 21.80ஆல் வகுத்தால் 20. எனவே இருபது மாதங்களுக்கு மேல் இடைவிடாமல் பயன்படுத்துவோர்க்கு ஒரே முறை வாங்குவது லாபம். அதற்குக் குறைவாயின் சந்தா லாபம்.

ஆனால், பெருநாள் காலத்தில் மட்டும், ஆண்டுக்கு இரண்டு மாதங்கள் படம் எடுக்கும் கடைக்கு, வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது விடும் சந்தா ஆண்டுக்கு 43.60 வெள்ளிதான். ஒரே முறை விலையை அது எட்டுவதற்குப் பத்து ஆண்டுகள் ஆகும். இதே கடை சந்தாவை நிறுத்த மறந்து மூன்றாண்டுகள் விட்டுவிட்டால் 784.80 வெள்ளி போய்விடும். நஷ்டம் சந்தாவில் இல்லை, மறதியில் இருக்கிறது.

மேலும், மாதந்தோறும் கட்டுவதெல்லாம் மாத ஒப்பந்தம் அன்று. ஓராண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டும் முறையும் உண்டு. அதனை இடையில் நிறுத்தினால் தண்டம் கேட்பார்கள். இத்தகைய தண்டத்தைத் தெளிவாக அறிவிக்கவில்லை என்று, அமெரிக்க அரசாங்கம் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அடோபி நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. வழக்கு அவர்களுடையது, எச்சரிக்கை நம்முடையது. கையெழுத்திடுமுன் எத்தனை மாத ஒப்பந்தம் என்று கேட்டறிய வேண்டும்.

அடுத்து, படம் ஒன்றுக்கு அடக்கவிலை எவ்வளவு என்று பாருங்கள். மூன்றாண்டுச் சந்தா 784.80 வெள்ளி. மாதம் நான்கு படங்கள் வீதம் 144 படங்கள் ஆக்கினால், படம் ஒன்றுக்கு 5.45 வெள்ளி. மாதம் ஒரே படம் என்றால் 21.80. முதற் கடைக்காரருக்கு அது மலிவு. இரண்டாமவருக்கு இலவச மென்பொருளே தக்கது.

கணக்கில் பெரும்பாலோர் எழுத மறப்பது சிப்பந்தியின் நேரம். புதிய மென்பொருளைப் பழகுவதற்குப் பத்து மணி நேரம் ஆகிறது, அவர் சம்பளம் மணிக்கு 12 வெள்ளி என்றால், 120 வெள்ளி உங்களை அறியாமலே செலவாகிறது. "இலவசம்" என்று கொண்டு வந்ததற்கும் இச்செலவு உண்டு.

ஆனால் இதே கணக்கு மறுபுறமும் திரும்பும் என்பதை, எதையும் வாங்க மறுக்கும் அன்பர்கள் கவனிக்க வேண்டும். பழைய கருவியில் ஒவ்வொரு எழுத்தாகக் கையால் பதித்து, வாரந்தோறும் இரண்டு மணி நேரம் வீணாகிறது என்று கொள்வோம். வாரம் 24 வெள்ளி. மாதச் சந்தாவோ 21.80. ஒரே வாரத்தில் மீள்கின்ற செலவை மறுத்து, ஆண்டு முழுவதும் சம்பளத்தில் அதை இழப்பது சிக்கனம் ஆகாது. வேலை செய்பவர் பொறுமையையும் அது தின்றுவிடும். திறமையுள்ள இளைஞர் வேறு கடையைத் தேடுவார்.

5. காலம் பார்த்தல்

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், எப்போது என்பது அடுத்த கேள்வி.

பெருநாள் விற்பனைக்கு முந்திய வாரங்களில் ஒருபோதும் மாற்றாதீர்கள். கடையில் கூட்டம் நெருங்கும்போது கல்லாவை இடம் மாற்றுவாருண்டோ? பருவ விற்பனை முடிந்து, கை ஓய்ந்த காலமே புதியதைப் பழகுதற்கு உகந்தது.

புதிய பெரும் பதிப்பு வந்த உடனேயும் வாங்க வேண்டா. மேலே கூறிய ஃபைனல் கட் புரோ பத்தாம் பதிப்பு 2011இல் வந்தபோது, அதற்கு முந்திய பதிப்பில் ஆக்கிய வேலைகளைத் திறக்க முடியவில்லை. பல கேமராக்களின் படத்தை ஒன்றுசேர்த்துத் தொகுக்கும் வசதியும் காணப்படவில்லை. தொழில் செய்வோர் பெரிதும் முறையிட்டனர். அவ்வசதி 2012ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த திருத்தத்தில்தான் திரும்பிற்று. ஏறத்தாழ ஏழு மாதம் பொறுத்தவர் அத்தொல்லையின்றி நிறைவான கருவியைப் பெற்றார். முதற் குறைகளைத் திருத்திய பின்வரும் சிறு பதிப்பே நமக்கு உரியது.

கையில் உள்ள வேலையைப் பழைய பதிப்பிலேயே முடித்துவிடுங்கள். புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து சேமித்த வேலையைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறவாது. போகும் வழி உண்டு, திரும்பும் வழி இல்லை. ஆகவே பிரதி எடுத்து வைத்த பின்னரே புதிதில் திறக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் சோதனைப் பதிப்பைக் கேளுங்கள். நிறுவனத்தார் காட்டும் மாதிரிப் படத்தால் ஒன்றும் தெரியாது. நம் கணினி, நம் தொலைபேசி எடுத்த படம், நம் தமிழ் எழுத்து ஆகிய மூன்றையும் வைத்து, ஒரு படத்தைத் தொடக்கம் முதல் வெளியிடும் வரை ஆக்கிப் பார்க்க வேண்டும். வெளியிட்ட படத்தின் மேல் நிறுவனத்தின் முத்திரை விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"இன்றோடு தள்ளுபடி முடிகிறது" என்பதற்கு அஞ்ச வேண்டா. நாமும் தள்ளுபடிப் பலகை எழுதத் தெரிந்தவர்களே. வேண்டிய பொருள் தள்ளுபடியில் கிடைத்தால் லாபம். வேண்டாத பொருள் பாதி விலைக்குக் கிடைத்தால் அந்தப் பாதி முழுதும் நஷ்டம்.

6. காத்துக் கொள்ளல்

இறுதியாக, வாங்கியதைக் காப்பது பற்றிச் சில சொற்கள்.

உரிமமும் கணக்கும் கடையின் மின்னஞ்சல் பெயரில் இருக்கட்டும். சிப்பந்தியின் சொந்தப் பெயரில் இருந்தால், அவர் வேலையை விட்டுச் செல்லும் நாளில் மென்பொருளும், சில வேளை கடையின் படங்களும் அவரோடு சென்றுவிடும். அவர்மேல் பிழை இராது, ஏற்பாட்டில்தான் பிழை.

மூலப் படங்களையும், ஆக்கி முடித்த படங்களையும் தனி வட்டு ஒன்றில் ஆண்டு வாரியாக வைத்து வாருங்கள். சந்தா நின்றாலும், நிறுவனம் மூடினாலும், பொதுவான முறையில் முடித்து வெளியிட்ட படம் எதிலும் ஓடும். தொகுப்புக் கோப்பு மட்டும் இருந்தால் அதைத் திறக்கும் சாவி அடுத்தவர் கையில் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவில் ஒரு சட்டத்தின் காரணமாகக் கேப்கட் என்னும் மென்பொருள் திடீரென்று நின்றது. பின்னர் மீண்டும் வந்தது. நின்ற பொழுதில், அதை ஒன்றையே நம்பி வேலையை அரைகுறையாக வைத்திருந்தோர் திகைக்க நேர்ந்தது. தாத்தா கடையைத் திறந்த கதையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எடுத்த படம், இன்னொரு முறை எடுக்கக் கூடியதன்று. மென்பொருளை வேறு வாங்கிக் கொள்ளலாம். அந்தப் படத்தை வாங்க எந்தக் கடையும் இல்லை.

இலவச மென்பொருளோடு வரும் இசையும் அலங்காரங்களும் வியாபாரத்திற்கு உரியனவா என்று பார்த்துக் கொள்ளுங்கள். சொந்தப் பயனுக்கு அனுமதித்து, விற்பனை விளம்பரத்திற்கு மறுப்பதும் உண்டு. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருட்டுச் சரக்கை அலமாரியில் வைக்க மாட்டோம் என்பவர் கணினியிலும் வைக்கலாகாது. அவற்றோடு வரும் நச்சு நிரல், கடைக்கணக்கு இருக்கும் அதே கணினியில்தான் குடியேறும்.

7. நினைவிற் கொள்ள வேண்டிய கேள்விகள்

அடுத்த அறிவிப்பு மடல் வரும்போது, பணப்பெட்டியைத் திறக்குமுன் இவ்வேழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி விடை காணுங்கள்:

1. இப்போது செய்ய முடியாமல் நிற்கும் வேலை எது? அதன் பெயரைச் சொல்ல முடிகிறதா?

2. அது நிற்பது மென்பொருளாலா, கணினியாலா, ஒலியாலா, ஒளியாலா?

3. செலவில்லாத வழி ஏதேனும் இருக்கிறதா?

4. நம் கணினியில், நம் படத்தோடு, நம் எழுத்தோடு சோதித்துப் பார்த்தோமா?

5. வரியும் பழகும் நேரமும் சேர்த்து, படம் ஒன்றுக்கு அடக்கம் என்ன?

6. ஒப்பந்தம் எத்தனை காலம்? நிறுத்தினால் தண்டம் உண்டா? நிறுத்திய பின் பழைய வேலை திறக்குமா?

7. இது வேலை நெருக்கும் காலமா, ஓய்ந்த காலமா?

முதற் கேள்விக்கு விடை இல்லையெனில் மற்ற ஆறையும் படிக்க வேண்டியதில்லை. மடலை மூடிவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கலாம். ஏழிற்கும் தெளிவான விடை கிடைத்துவிட்டால் தயங்கவும் வேண்டியதில்லை. வாங்கி, அன்றே பழகத் தொடங்குங்கள். வாங்கிய நாளைக் குறிப்பேட்டில் எழுதி, ஆறு மாதம் கழித்து எத்தனை படம் ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த எண்ணிக்கையே உங்களுக்குச் சொல்லும்.